எஸ்ஓ கோப்பின் எடை: லிங்கர் எதை விடும், எதை விடாது

சி++-இல் எழுதிய நடுத்தர லைப்ரரி ஒன்றை பில்ட் செய்துவிட்டு ‘எல்எஸ் -எல்எச்’ போட்டுப் பார்த்தால், .எஸ்ஓ கோப்பு (பல புரோகிராம்கள் பகிரும் ஷேர்டு லைப்ரரி) 30 எம்பி, 40 எம்பி என்று நிற்பது புதிதல்ல. உடனே கை, அளவைக் குறைக்கச் சொல்லும் ‘-ஓஎஸ்’ ஃபிளாகைத் தேடிப் போகும். எடை பார்க்காமலே பத்தியம் இருப்பது மாதிரிதான் அது. என் கணக்கில், கம்பைலர் வீங்க வைத்த இடத்தைவிட, யாரும் கூப்பிடாத ஒன்றை ‘இது தேவை’ என்று நாமே லிங்கரிடம் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே கோப்பாக இணைக்கும் கருவி) சொல்லிவைத்ததால் போன இடம்தான் அதிகம். எங்கெங்கே அப்படிச் சொல்லிவைத்திருக்கிறோம் என்று தேடுவதே இந்த வேலையில் பாதி. (கட்டளைகளையும் ஃபிளாக்குகளையும் வாயால் சொல்வதுபோல் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

முதலில் எடை பார்ப்போம். ‘ரீட்எல்ஃப் -எஸ்டபிள்யூ’ கோப்பின் உட்பிரிவான ஒவ்வொரு செக்‌ஷனையும் அதன் அளவையும் வரிசையாகக் காட்டும். ‘சைஸ் -ஏ’யும் அதையே சுருக்கமாகத் தரும். வெறும் ‘சைஸ்’ போட்டு ஏமாறாதீர்கள். அதன் ‘டெக்ஸ்ட்’ நிரலில் கட்டளைகள் மட்டும் இல்லை; .ரோடேட்டாவில் உள்ள மாறாத தரவு, .இஎச்_ஃபிரேமில் உள்ள அன்வைண்டு அட்டவணை (எக்செப்ஷன் வரும்போது கூப்பிட்ட ஃபங்ஷன்கள் வழியே பின்னோக்கிப் போக உதவுவது) எல்லாம் அதற்குள்தான் கூட்டப்பட்டிருக்கும். ‘பிஎஸ்எஸ்’ நிரலில் 5 எம்பி என்று வந்தாலும் கவலை வேண்டாம். அது மெமரியில் ஒதுக்கப்படும் இடம், கோப்பில் ஒரு பைட்டும் பிடிக்காது. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் கூகுள் வெளியிட்ட ‘புளோட்டி’ என்ற கருவி இருக்கிறது. டீபக் தகவலோடு கொடுத்தால் எந்த சோர்ஸ் கோப்பு எவ்வளவு தின்கிறது என்று சொல்லும். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் எது எவ்வளவு கூடியது, குறைந்தது என்றும் சொல்லும்.

பட்டியலில் .டீபக்_ என்று தொடங்கும் செக்‌ஷன்கள் இருந்தால் முதல் வேலை அவற்றை வெளியேற்றுவது. ‘-ஜி’ போட்டு கம்பைல் செய்த சி++ லைப்ரரியில் டீபக் தகவல், கட்டளைகளைப் போலப் பல மடங்கு இருப்பது சாதாரணம். ‘ஸ்ட்ரிப் --ஸ்ட்ரிப்-அன்நீடட்’ போட்டால் அதோடு .சிம்டேப், .ஸ்டிர்டேப் (சிம்பல்கள், அதாவது ஃபங்ஷன், மாறிப் பெயர்களின் முழுப் பட்டியல்) இரண்டும் போகும். ஓடும் நேரத்தில் லோடர் (லைப்ரரியை மெமரியில் ஏற்றுவது) பார்ப்பது .டைன்சிம் அட்டவணையை மட்டும்தான். அதை ஸ்ட்ரிப் தொடாது. ஆனால் இதே துணிச்சலை இன்னும் லிங்க் ஆகாத .ஏ, .ஓ கோப்புகளிடம் காட்டக் கூடாது. அங்கே ‘--ஸ்ட்ரிப்-ஆல்’ போட்டால் ரீலொகேஷனுக்கு (முகவரிகளைப் பின்னர் திருத்துவதற்கு) வேண்டிய சிம்பல்களும் போய்விடும், பிறகு அதை எதோடும் லிங்க் செய்ய முடியாது. அவற்றுக்கு ‘--ஸ்ட்ரிப்-டீபக்’ போதும்.

வெட்டி எறிவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவைக்காமல் விட்டால், மூன்று மாதம் கழித்து வரும் கிராஷ் ரிப்போர்ட்டில் வெறும் முகவரிகள்தான் இருக்கும். ‘ஆப்ஜ்காப்பி --ஒன்லி-கீப்-டீபக்’ கொண்டு டீபக் தகவலைத் தனிக் கோப்பாக எடுத்து, மூலத்தை ஸ்ட்ரிப் செய்து, ‘--ஆட்-ஜிஎன்யூ-டீபக்லிங்க்’ மூலம் இரண்டையும் இணைத்துவைப்பது பழைய, நம்பகமான வழி. லிங்கருக்கு ‘--பில்ட்-ஐடி’யும் கொடுங்கள். பல வெளியீடுகளின் டீபக் கோப்புகள் ஒரே அலமாரியில் கிடக்கும்போது, எதற்கு எது ஜோடி என்று சொல்வது அந்த ஐடிதான்.

ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரிப் வேலையை பில்ட் கருவியான கிரேடில் தானாகவே செய்துவிடும் என்று பலரும் நம்பி இருப்பார்கள். செய்யும்தான். ஆனால் பில்ட் இயந்திரத்தில் என்டிகே (ஆண்ட்ராய்டின் சி, சி++ கருவித் தொகுப்பு) கிடைக்காவிட்டால், ஸ்ட்ரிப் செய்ய முடியவில்லை, அப்படியே பேக் செய்கிறேன் என்று ஒரு வரி எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு பில்டை வெற்றி என்று முடித்துவிடும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. பைத்தான் வீல் (நிறுவத் தயாரான பொதி) கட்டுவோருக்கு வேறொரு பள்ளம்: ‘பேட்ச்எல்ஃப்’ கருவி ஒரு .எஸ்ஓவைத் திருத்திய பிறகு அதை ஸ்ட்ரிப் செய்தால், செக்மென்ட் அலைன்மென்ட் குலைந்து, லோட் ஆகும்போதே பிழை வரலாம். முதலில் ஸ்ட்ரிப், பிறகுதான் பேட்ச்எல்ஃப்.

ஏற்றுமதிதான் பிடி

இதுவரை செய்தது குப்பை பெருக்குவது. இனிதான் விஷயம்.

‘என்எம் -டி --டிஃபைன்டு-ஒன்லி’ போட்டு, லைப்ரரி வெளியே காட்டும் சிம்பல்களை எண்ணிப் பாருங்கள். ஹெட்டரில் நீங்கள் வாக்குக் கொடுத்தது 12 ஃபங்ஷன். பட்டியலில் வருவது பல ஆயிரம். லினக்ஸில் சி, சி++ கம்பைலர்களின் இயல்பு அது: ‘ஸ்டாட்டிக்’ என்று குறிக்காத ஒவ்வொரு ஃபங்ஷனும் ஊருக்கே பொது. 64 பிட்டில் ஒவ்வொரு சிம்பலுக்கும் .டைன்சிம்மில் 24 பைட், அதன்மேல் .டைன்ஸ்டிரில் முழுப் பெயர், ஹாஷ் அட்டவணையில் ஒரு பதிவு. டெம்ப்ளேட் கலந்த சி++ பெயர்கள் மாங்கிள் ஆனபின் (கம்பைலர் வகை விவரங்களையும் பெயருக்குள் திணித்தபின்) நூறு எழுத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

பெயர்கள் பிடிக்கும் இடம் சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு. தேவையில்லாத கோடை (புரோகிராம் கட்டளைகளை) நீக்க எல்லாரும் சொல்லும் மந்திரம், கம்பைலருக்கு ‘-எஃப்ஃபங்ஷன்-செக்‌ஷன்ஸ் -எஃப்டேட்டா-செக்‌ஷன்ஸ்’, லிங்கருக்கு ‘--ஜிசி-செக்‌ஷன்ஸ்’. முதல் இரண்டும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஒவ்வொரு தரவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டும். மூன்றாவது, யாரும் கேட்காத பொட்டலத்தைத் தூக்கிப் போடும். இதைப் போட்டும் அளவு அசையவே இல்லையே என்ற புலம்பலை அடிக்கடி கேட்கலாம். காரணம் எளிது. எக்ஸிகியூட்டபிளில் தேடல் ‘_ஸ்டார்ட்’ என்ற ஒரே வாசலிலிருந்து தொடங்குகிறது. ஷேர்டு லைப்ரரியில் ஏற்றுமதியான ஒவ்வொரு சிம்பலும் ஒரு வாசல். வெளியே யார் எதைக் கூப்பிடுவார்கள் என்று லிங்கருக்குத் தெரியாது; ஆகவே எல்லாவற்றையும், அவை தொடும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். எல்லாமே ஏற்றுமதி என்றால் எதுவுமே குப்பை இல்லை.

அதனால் முதலில் வாசல்களை அடைக்க வேண்டும். ‘-எஃப்விசிபிலிட்டி=ஹிட்டன்’ ஜிசிசி 4.0-இல், அதாவது 2005-இலேயே வந்துவிட்டது. கூடவே சி++-க்கு ‘-எஃப்விசிபிலிட்டி-இன்லைன்ஸ்-ஹிட்டன்’. வெளியே தெரிய வேண்டிய 12 ஃபங்ஷனுக்கு மட்டும் ‘விசிபிலிட்டி டிஃபால்ட்’ அட்ரிபியூட்டை ஒரு மேக்ரோவாக எழுதி ஒட்டிவிடலாம். இதோடு நிறுத்தினால் இன்னொரு ஓட்டை இருக்கும்: நீங்கள் உள்ளே இழுத்துக்கொண்ட .ஏ லைப்ரரிகள் உங்கள் ஃபிளாக்குகளோடு கம்பைல் ஆனவை அல்ல, அவற்றின் சிம்பல்கள் அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லிங்கருக்கு ‘--எக்ஸ்க்ளூட்-லிப்ஸ்,ஆல்’ கொடுத்தால் அவை உள்ளே அடங்கும். இன்னும் கறாரான வழி வெர்ஷன் ஸ்கிரிப்ட். ‘குளோபல்’ என்பதன் கீழ் 12 பெயர், ‘லோக்கல்’ என்பதன் கீழ் ஒரு நட்சத்திரக் குறி, அவ்வளவுதான். இதற்குப் பிறகு ‘--ஜிசி-செக்‌ஷன்ஸ்’ஐ ஓட்டுங்கள், ‘--பிரிண்ட்-ஜிசி-செக்‌ஷன்ஸ்’ சேர்த்தால் எதையெல்லாம் தூக்கிப் போட்டது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். படிக்கச் சுகமான லாக் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

உடையும் இடங்களும் இங்கேதான். பெயரைச் சரமாகக் கொடுத்து ‘டிஎல்சிம்’ மூலம் தேடும் ஃபங்ஷனை லிங்கர் பார்க்க முடியாது. அதைப் பட்டியலில் சேர்க்க மறந்தால் பில்ட் அமைதியாக முடியும், ஓடும்போது கவிழும். ஜாவா, சி++-ஐக் கூப்பிடும் வழியான ஜேஎன்ஐயிலும் அதே கதை. ‘ஜாவா_’ என்று தொடங்கும் ஃபங்ஷன்களில் ஜேஎன்ஐஎக்ஸ்போர்ட் மேக்ரோ இருந்தாலும் வெர்ஷன் ஸ்கிரிப்ட் அதை மீறி மறைத்துவிடும்; பிறகு ‘அன்சாட்டிஸ்ஃபைடுலிங்க்எரர்’. ‘ஜேஎன்ஐ_ஆன்லோடு’ ஒன்றை மட்டும் ஏற்றுமதி செய்து, மற்றதை ‘ரெஜிஸ்டர்நேட்டிவ்ஸ்’ மூலம் பதிவு செய்வது சுத்தமான ஏற்பாடு. அப்போது ஜாவா கிளாஸின் பெயரை, ஆண்ட்ராய்டின் சுருக்கும் கருவியான ஆர்8 மாற்றிவிடாதபடி கீப் விதி எழுதிவையுங்கள்.

மூன்றாவது பள்ளம் நுட்பமானது. ஒரு லைப்ரரி எறியும் எக்செப்ஷனை இன்னொரு லைப்ரரி பிடிக்க வேண்டுமென்றால், அந்த எக்செப்ஷன் கிளாஸும் ஏற்றுமதியில் இருக்க வேண்டும். மறைத்துவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனி டைப்இன்ஃபோ (கிளாஸின் அடையாளப் பதிவு) உருவாகும். ஜிசிசியின் சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ பெயரை ஒப்பிடுவதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். முகவரியை ஒப்பிடும் இடங்களில் ‘கேட்ச்’ பிடிக்காது, ‘டைனமிக்_காஸ்ட்’ வெறுங்கையோடு திரும்பும். டெஸ்க்டாப்பில் ஓடி, ஃபோனில் ஓடாத பிழை என்றால் இதையும் ஒருமுறை சந்தேகியுங்கள்.

அட்டவணை பிடித்துக்கொண்டிருப்பவை

வாசலை அடைத்தும் போகாத கோடு உண்டு. ஆடியோ, வீடியோ கையாளும் எஃப்எஃப்எம்பெக் நல்ல உதாரணம். அதன் லிப்ஏவிகோடெக்கை எந்த அமைப்பும் மாற்றாமல் பில்ட் செய்தால் நூற்றுக்கணக்கான டீகோடர்கள் உள்ளே வரும். உங்கள் செயலி ஏஏசியும் எச்.264-உம் மட்டும்தான் வாசிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், லிங்கருக்குத் தெரியாது. ஏனென்றால் எல்லா டீகோடரின் முகவரியும் ஒரே அட்டவணையில் வரிசையாக நிற்கிறது, ஓடும்போது அதில் தேடித்தான் எடுக்கிறார்கள். அந்த அட்டவணை உயிரோடு இருக்கும்வரை அதில் உள்ள எல்லாரும் உயிரோடுதான். இதை லிங்கரிடம் கெஞ்சி ஆகாது, கான்ஃபிகர் நிலையிலேயே குறைக்க வேண்டும்: ‘--டிசேபிள்-எவ்ரிதிங்’ போட்டுவிட்டு, தேவையான டீகோடர், டீமக்ஸர் (கோப்பிலிருந்து ஆடியோ, வீடியோவைப் பிரிப்பது), பார்சர், புரோட்டோகால் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ‘எனேபிள்’ செய்யுங்கள். டீகோடரை நினைவில் வைத்து மற்ற மூன்றை மறப்பதுதான் வழக்கமான தவறு. எம்பி4 கோப்பைத் திறக்க ‘மூவ்’ டீமக்ஸர் வேண்டும். ‘ஃபைல்’ புரோட்டோகால் இல்லாவிட்டால் டிஸ்க்கில் கண்ணெதிரே இருக்கும் கோப்புக்கே ‘புரோட்டோகால் நாட் ஃபவுண்ட்’ என்று வரும்.

பல மொழி ஆதரவு தரும் ஐசியூ லைப்ரரி இதைவிடப் பெரிய மூட்டை. அதன் தரவு லைப்ரரி மட்டுமே 25 எம்பிக்கு மேல். உலகத்து மொழிகளின் தேதி வடிவம், வரிசைமுறை, எழுத்துப்பெயர்ப்பு எல்லாம் அதில் அடக்கம். ஐசியூ 64 முதல் தரவை வடிகட்ட ஒரு ஜேசன் கோப்பு எழுதி, ‘ஐசியூ_டேட்டா_ஃபில்டர்_ஃபைல்’ என்ற சூழல் மாறியில் அதைக் காட்டலாம். தமிழும் ஆங்கிலமும் மட்டும் பேசும் செயலிக்கு லோகேல் (மொழி, நாட்டு அமைப்பு) வடிகட்டியில் அந்த இரண்டு மொழிக் குறியீடு போதும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாட்டுத் தமிழ் லோகேல்களும் தானாகச் சேர்ந்துகொள்ளும். தாய், கெமர், சீனம் போன்றவற்றில் சொல் பிரிக்க உதவும் அகராதிகளையும் கழற்றலாம். நாம் சொற்களுக்கு இடையே இடம் விட்டு எழுதுகிறவர்கள், அது நமக்கு வேண்டாம். ஒரு எச்சரிக்கை: முன்பே கட்டிய .டேட் கோப்பு மட்டும் உள்ள சோர்ஸ் தொகுப்பில் வடிகட்டி வேலை செய்யாது. தரவின் மூலக் கோப்புகளைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும், பைத்தான் 3-உம் வேண்டும்.

எஸ்க்யூலைட் டேட்டாபேஸிலும் தேவையில்லாத அம்சங்களைக் கழற்ற ‘எஸ்க்யூலைட்_ஓமிட்_’ என்று தொடங்கும் மேக்ரோக்கள் இருக்கின்றன. அவற்றில் சில, ஒற்றைக் கோப்பாக வரும் அமால்கமேஷனில் வேலை செய்யாமல் பில்டையே உடைக்கும். லைப்ரரியே சிறியது, அங்கே மெனக்கெடுவதற்கு நான் வாக்களிக்க மாட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத ரீலொகேஷன்

.ரெலா.டைன் என்ற செக்‌ஷனைப் பலரும் பட்டியலில் தாண்டிப் போய்விடுவார்கள். ஷேர்டு லைப்ரரி மெமரியில் எந்த முகவரியில் உட்காரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே தரவுக்குள் ஒரு பாயின்டர் இருந்தால், லோடர் அதைத் திருத்த ஒரு குறிப்பு வேண்டும். 64 பிட்டில் அந்தக் குறிப்பு ஒன்றுக்கு 24 பைட். பிழைச் செய்திகள் 1,000 கொண்ட ஒரு பாயின்டர் வரிசையை வைத்துக் கணக்கிடுவோம்: பாயின்டர்களுக்கு 8,000 பைட், குறிப்புகளுக்கு 24,000 பைட். செய்திகளின் எழுத்துகளைச் சேர்க்காமலே 32,000. ‘கான்ஸ்ட்’ என்று எழுதியதால் இது ரீட்-ஒன்லி ஆகிவிடாது; .டேட்டா.ரெல்.ரோவுக்குப் போய், லோட் ஆகும்போது ஒவ்வொரு பிராசஸும் தனக்கென ஒரு நகலை எழுதிக்கொள்ளும். எல்லாச் செய்திகளையும் ஒரே நீளமான சரமாகக் கோத்து, மொத்தம் 64 கேபிக்குள் இருந்தால் 16 பிட் ஆஃப்செட் வரிசை வைத்தால் 2,000 பைட்டில் முடிந்தது, ரீலொகேஷனும் பூஜ்யம். வெர்ச்சுவல் ஃபங்ஷன் உள்ள ஒவ்வொரு கிளாஸின் விடேபிளும் (அந்த ஃபங்ஷன்களின் முகவரி அட்டவணை) இதே வரியைக் கட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கோடை மாற்ற மனமில்லாவிட்டால் ‘ரெல்ஆர்’ வடிவம் இருக்கிறது. அதில் ஒரு 8 பைட் பிட்மேப் அடுத்தடுத்த 63 பாயின்டர்களைக் குறிக்கும். மேலே சொன்ன 1,000 பாயின்டருக்கு ஒரு தொடக்க முகவரி, 16 பிட்மேப், மொத்தம் 136 பைட். 24,000 எங்கே, 136 எங்கே! ஜிஎன்யூ லிங்கரில் ‘-இசட் பேக்-ரிலேட்டிவ்-ரீலாக்ஸ்’, எல்எல்விஎம் லிங்கரான எல்எல்டியில் ‘--பேக்-டைன்-ரீலாக்ஸ்=ரெல்ஆர்’. விலை என்னவென்றால் பழைய லோடருக்கு இது புரியாது. லினக்ஸில் ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி) 2.36 வேண்டும், உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35, அங்கே லைப்ரரி ஏற மறுக்கும். ஆண்ட்ராய்டில் ஏபிஐ 28 முதல் அதற்கான தனி டேக் ஃபிளாக்கோடும், ஏபிஐ 30 முதல் நேரடியாகவும் பயன்படுத்தலாம். உங்கள் மின்எஸ்டிகே (செயலி ஆதரிக்கும் மிகக் குறைந்த ஏபிஐ) எது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியில் கம்பைலர்

இப்போது ‘-ஓஎஸ்’ போடலாம். கிளாங்கில் அதைவிடக் கஞ்சமான ‘-ஓஇசட்’ வெகுநாளாக இருக்கிறது, ஜிசிசிக்கு 12-ஆம் பதிப்பில் வந்தது. ஆர்ம்64-இல் கிளாங் ‘-ஓஇசட்’ திரும்பத் திரும்ப வரும் கட்டளைத் தொடர்களைத் தனி ஃபங்ஷனாகவே பிரித்துவிடும். இமேஜ் வடிகட்டி, கிரிப்டோ போன்ற சூடான லூப்புகள் உள்ள கோப்புகளுக்கு மட்டும் ‘-ஓ2’ வைத்துவிடுங்கள். முழு லைப்ரரிக்கும் ஒரே ஃபிளாக் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எல்டிஓ (லிங்க் செய்யும்போது எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்வது) எப்போதும் குறைக்கும் என்பது மூடநம்பிக்கை. ‘-ஓ2’வோடு போட்டால் கோப்பு எல்லைகளைத் தாண்டி இன்லைன் செய்து அளவு கூடுவதும் உண்டு, ‘-ஓஎஸ்’ அல்லது ‘-ஓஇசட்’டோடும், மறைத்த சிம்பல்களோடும்தான் அது சிக்கனமாக நடந்துகொள்ளும். ஆப்டிமைசேஷன் ஃபிளாக்கை லிங்க் வரியிலும் கொடுங்கள். .ஏ கோப்பு கட்ட வெறும் ‘ஏஆர்’ வேண்டாம், ‘ஜிசிசி-ஏஆர்’ அல்லது ‘எல்எல்விஎம்-ஏஆர்’ பயன்படுத்துங்கள்.

அச்சு அசலாக ஒன்றுபோல் உள்ள ஃபங்ஷன்களை ஒன்றாக்கும் ‘--ஐசிஎஃப்’ எல்எல்டி, கோல்டு ஆகிய லிங்கர்களில் உண்டு. ஒரே டெம்ப்ளேட்டைப் பல பாயின்டர் வகைகளுக்கு விரித்த கோடில் நல்ல லாபம். ‘சேஃப்’ போதும். ‘ஆல்’ போட்டால், இரண்டு ஃபங்ஷனின் முகவரியை ஒப்பிட்டு முடிவெடுக்கும் கோடு பொய்த்துப் போகும்.

.இஎச்_ஃபிரேம் பெரிதாகத் தெரிந்தால் எக்செப்ஷன்மீது கை வைக்கத் தோன்றும். சொந்தக் கோடில் எக்செப்ஷனே இல்லை என்றால் ‘-எஃப்நோ-எக்செப்ஷன்ஸ் -எஃப்நோ-ஆர்டிடிஐ’ சரி. தூய சி கோப்புகளுக்கு ‘-எஃப்நோ-அசின்க்ரோனஸ்-அன்வைண்டு-டேபிள்ஸ்’ போடுவோரும் உண்டு. இடம் மிச்சமாகும், கூடவே கிராஷ் பேக்டிரேஸ் பாதியில் அறுந்துபோகும். அந்த சி ஃபங்ஷன் கூப்பிடும் ஒரு சி++ கால்பேக் எக்செப்ஷன் எறிந்தால், நடுவில் அட்டவணை இல்லாததால் புரோகிராம் நேராக ‘டெர்மினேட்’டில் போய் விழும். ஃபோனில் ஓடும் லைப்ரரிக்கு இதை நான் செய்ய மாட்டேன்.

கோப்பைச் சுருக்கிவைத்து ஓடும்போது விரிக்கும் யுபிஎக்ஸ் மாதிரி பேக்கர்களைப் பற்றி ஒரு வரி போதும்: டிஸ்க்கில் மிச்சம் பிடித்து மெமரியில் இழப்பது அது. விரித்த பக்கங்களைப் பிராசஸ்கள் பகிர முடியாது, பிறகு ‘ஷேர்டு’ லைப்ரரி என்ற பெயர் எதற்கு?

ஆண்ட்ராய்டில் அளவை ஒப்பிடும்போது எந்த அளவு என்பதில் தெளிவாக இருங்கள். ‘எக்ஸ்ட்ராக்ட்நேட்டிவ்லிப்ஸ்’ ஃபால்ஸ் என்றால் .எஸ்ஓ ஏபிகேக்குள் (செயலியின் நிறுவல் கோப்பு) சுருக்காமலே கிடக்கும். ஏபிகே பெரிதாகத் தெரியும், ஆனால் நிறுவும்போது இரண்டாவது நகல் உருவாகாது. டவுன்லோடு அளவு இன்னொரு எண். நான்கு பிராசசர் வகைகளுக்கும் ஒரே ஏபிகேயில் .எஸ்ஓ வைத்திருந்தால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் ஆப் பண்டிலுக்கு (ஒவ்வொரு ஃபோனுக்கும் வேண்டியதை மட்டும் அனுப்பும் வடிவம்) மாறுங்கள், ஒரே நாளில் பெரிய மிச்சம். 2025 நவம்பர் 1 முதல் ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு கூகுள் பிளே 16 கேபி பக்க ஆதரவைக் கேட்கிறது; அலைன்மென்ட் மாறிய பில்டையும் பழைய பில்டையும் பக்கத்தில் வைத்து, கோடு கூடிவிட்டது என்று பதறாதீர்கள்.

இவ்வளவையும் செய்து முடித்த அடுத்த வாரமே, யாரோ ஒருவர் ‘ஐஓஸ்ட்ரீம்’ சேர்த்து, ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த சி++ லைப்ரரியின் லோகேல் பகுதி முழுவதையும் உள்ளே இழுத்து வந்துவிடுவார். அதற்காகவே சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) இரண்டு சோதனைகளை வைத்துவிடுங்கள். ஸ்ட்ரிப் செய்த கோப்பின் அளவு முந்தைய வெளியீட்டைவிட, உதாரணத்துக்கு, 2 சதவீதம் கூடினால் பில்ட் நிற்க வேண்டும். ‘என்எம் -டி’யின் வெளியீட்டை வரிசைப்படுத்தி ரெப்போவிலேயே ஒரு உரைக் கோப்பாக வைத்து, ஒவ்வொரு மெர்ஜிலும் ‘டிஃப்’ பார்க்க வேண்டும். புதிதாக ஒரு வரி முளைத்தால், அந்த 13-ஆவது ஃபங்ஷன் ஏன் வெளியே வந்தது என்று சேர்த்தவரே வந்து சொல்லட்டும்.